எங்கே திக்குகிறது?

அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் 60 மார்க் எடுத்த ஒரு பிள்ளையை எதிரே உட்கார வைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத நாலு வரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் கடகடவென்று படித்துவிடும். சில பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். அதே வகுப்பில் 38 எடுத்த ஒருவன் எழுத்துக் கூட்டித் தடவித் தடவிப் படித்தாலும், "என்னப்பா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிடுவான். மூன்று பேருக்கும் செய்ய வேண்டிய உதவி வேறு வேறு. மார்க் பட்டியலில் இருப்பதோ ஆளுக்கு ஒரே ஒரு எண்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் விவசாயம், இல்லையென்றால் விவசாயக் கூலி. கடைத்தெருவில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர்கள், திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போன அப்பாக்கள் என்று மீதி. இவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்துதான் அழுத்தமாக உண்டு: பிள்ளை எங்கே திக்குகிறது என்பதைத் தேர்வு காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டாத தேர்வை எத்தனை முறை வைத்தாலும், மறுநாள் வகுப்பில் யாருக்கு என்ன நடத்துவது என்று ஆசிரியருக்குத் தெரியப் போவதில்லை.

முதலில் பப்ளிக் தாளைப் பார்த்துவிடுவோம். 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டு தாளிலிருந்து ஒரே தாள் ஆனது. ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. மொத்தம் 100, பாஸ் மார்க் 35. ஒரு மார்க்கில் பெரும்பாலும் சொல் சம்பந்தமான கேள்விகள்: அதே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், பன்மை, முன்னொட்டு, சுருக்கத்தின் விரிவு. இரண்டு மார்க்கில் செய்வினை-செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று-அயற்கூற்று, நிறுத்தற்குறி, கலைந்த சொற்களை அடுக்குவது. அப்புறம் ரோட் மேப் (வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது), மெமரி போயம் (மனப்பாடப் பாட்டு), லெட்டர், விளம்பரம், படம் பார்த்து எழுதுவது, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது. பத்தி கொடுத்து, படித்துப் புரிந்து விடை எழுதச் சொல்வது கடைசி 8 மார்க்கில் வருகிறது. குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதலில் இன்னொரு 5.

இந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் பெரிதாக ஒன்றையும் எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் இதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வழி வேறு மாதிரி போய்விட்டது. ஜனவரி பிறந்ததும் மெல்லக் கற்போருக்கென்று ஒரு கையேடு வந்துவிடும். மெமரி போயம் பார்க்காமல் எழுதினால் 5. ரோட் மேப்புக்கு நாலு வாக்கியம் போதும், 2. லெட்டரில் அனுப்புநர், பெறுநர், தேதி, கையெழுத்து சரியாக இருந்தாலே பாதி மார்க் வரும். எந்தப் படம் வந்தாலும் எழுதக்கூடிய ஐந்து வாக்கியம் இருக்கிறது. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் 35 வந்துவிடும். இதை நான் குறை சொல்லமாட்டேன். பத்தாவது பாஸ் ஆனால்தான் பிளஸ் ஒன், பாலிடெக்னிக் எல்லாம். பத்தாவதில் ஃபெயிலான பெண் பிள்ளைகளில் சிலர் ஜூனில் வீட்டோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 35 வாழ்க்கையில் எத்தனை பெரிய கதவு என்பது கிராமத்தில் வேலை பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் தெரியும். அதற்காக ராத்திரி பகலாக உழைக்கும் ஆசிரியர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

எனக்குள்ள கவலை, அந்தக் கையேடு எட்டாம் வகுப்பு வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. பாஸ் போடுவதற்கான பயிற்சியை பத்தாவதின் கடைசி மூன்று மாதம் கொடுப்பது சரி. எட்டிலும் ஒன்பதிலும் அதையே கொடுத்தால், படிக்கக் கற்றுத்தர வேண்டிய இரண்டு வருஷம் கைவிட்டுப் போய்விடுகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. 2025-26இல் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது நாலாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது ஐந்தாம் வகுப்பு முழுவதும், ஆறாம் வகுப்பில் பாதியும் இவர்களுக்கு வகுப்பறை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து சரளமாகப் படிப்பதற்குத் தாண்டுகிற வயது அது. 2025இல் அரசு கொண்டுவந்த 'திறன்' இயக்கம் ஆறு முதல் ஒன்பது வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல காரியம். அதற்குள் வராத பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது?

வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அங்கேதான் ஏமாற்றம் அதிகம். கீழே உள்ள பத்தியைப் படியுங்கள்:

"சிமுரன் நேற்று மாலை துமிலை விசுங்கினான். துமில் மிகவும் தெகுவையாக இருந்தது. அதனால் அவன் அதை நொசப்பிவிட்டான்."

கேள்விகள்: துமிலை விசுங்கியது யார்? துமில் எப்படி இருந்தது? சிமுரன் ஏன் அதை நொசப்பினான்?

மூன்றுக்கும் நீங்கள் சரியான விடை சொல்லியிருப்பீர்கள். நானே உட்கார்ந்து கட்டிய சொற்கள், ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. இதைப் பலகையில் எழுதிப் போட்டால் வகுப்பே சிரித்துக்கொண்டு விடை சொல்லும். ஆங்கிலப் பத்திக்குப் பல பிள்ளைகள் விடை எழுதுவது இப்படித்தான். கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிவைப்பார்கள். விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்துபவர் முழு மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது இன்னொரு கேள்வி: சிமுரன் அடுத்து என்ன செய்திருப்பான்? அவன் இடத்தில் உங்கள் அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வகுப்பு அமைதியாகிவிடும். புரிந்தால் மட்டுமே சொல்ல முடிகிற கேள்வி அது. ஒவ்வொரு பத்திக்கும் அப்படி ஒரு கேள்வியாவது வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதில் இன்னொரு பிடிவாதமும் சேர்த்துக்கொள்கிறேன். வாசிப்பைச் சோதிக்கும்போது விடையைத் தமிழில் சொல்ல விட வேண்டும். இதற்குச் சக ஆசிரியர்களிடம் எதிர்ப்பு உண்டு, "இங்கிலீஷ் பரீட்சையில் தமிழா?" என்பார்கள். விடையையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பிள்ளைக்குப் படித்தது புரியவில்லையா, புரிந்தும் எழுத வரவில்லையா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. எழுத்துக்கு வேறு நாள் தேர்வு வையுங்கள். அன்றைக்குத் தமிழ் வேண்டாம். ஏசர் என்று வருஷா வருஷம் பேசப்படும் கிராமப்புறக் கல்வி ஆய்வு ஆங்கிலத்தைச் சோதித்த வருடங்களில் செய்ததும் இதையொட்டியதுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சின்னச் சொற்கள், எளிய வாக்கியங்கள் என்று படிக்கவைத்துவிட்டு, சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் அர்த்தத்தைப் பிள்ளையின் மொழியிலேயே கேட்டார்கள். படிக்க வந்த எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்திருக்கவில்லை என்பதைப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

சத்தமாகப் படிக்க வைப்பதை வகுப்புக்கு முன்னால் செய்யவே கூடாது. பதினாலு வயசுப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கும். பெண் பிள்ளைகள் முன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிட, "தெரியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடி வாங்கினாலும் வாங்குவேன் என்று நிற்பான். சாப்பாட்டு இடைவேளையிலும் பி.டி. பீரியடிலும் வராந்தா ஓரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். நூறு சொல் கொண்ட ஒரு பத்தி. அவர்கள் கையில் ஒரு தாள், என் கையில் அதே தாள். விட்டுவிட்ட சொல்லுக்குக் கோடு, தப்பாகப் படித்ததற்கு வட்டம், தானே திருத்திக்கொண்டதற்கு ஒரு டிக். அந்த டிக் அதிகம் இருக்கும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அர்த்தம் உதைக்கிறது என்று தெரிந்துதானே திரும்பிப் போகிறாள்.

வட்டங்களைப் பார்த்தால் ஆளுக்கு ஒரு விதம். ஒருவன் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துவிடுகிறான். 'ஹார்ஸ்' என்று இருந்தால் 'ஹவுஸ்' என்று படிக்கிறான். இன்னொருத்தி நீளச் சொல்லில் மட்டும் நிற்கிறாள், பிரித்துக் காட்டினால் படித்துவிடுகிறாள். இன்னும் சிலர் சொல்லின் கடைசியை விழுங்கிவிடுவார்கள். ஒரு பெண் 'வாக்ட்' என்று எழுதியிருப்பதையெல்லாம் 'வாக்' என்றே படித்துக்கொண்டு போனாள். பத்தி முடிந்ததும், "அந்தத் தாத்தா என்ன பண்ணினார்னு சொல்லு" என்றேன். "பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார் டீச்சர்" என்றாள். அப்படியானால் கண்ணுக்கு அந்த விகுதி தெரிந்திருக்கிறது, வாய்தான் விழுங்குகிறது. அவளுக்கு நான் இலக்கணம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு அடுத்து வந்தவளும் அப்படியேதான் படித்தாள். அவளிடம் கேட்டபோது, "நடந்து போறார்" என்றாள். இறந்தகாலம் என்கிற சங்கதியே அவள் கண்ணில் படவில்லை. தாளில் இரண்டு பேருக்கும் ஒரே வட்டம். பிரித்துக் காட்டியது ஒரே ஒரு தமிழ்க் கேள்வி.

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1917இல் வாசிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளுக்குப் பத்தியும் கேள்வியும் கொடுத்து, அவர்கள் சொன்ன தப்பான விடைகளை வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். ஒரு பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவது போல யோசிக்கும் வேலைதான் என்பது அவர் முடிவு. ஏதாவது ஒரு சொல் பிள்ளையின் மனதில் அளவுக்கு மீறிப் பெரிதாகி, மற்ற சொற்களை அமுக்கிவிடுவதாலும் விடை தப்பாகிறது என்றார். நூறு வருஷம் தாண்டியும் நான் திருத்தும் பேப்பரில் அதையே பார்க்கிறேன். நமது பழக்கமோ தப்பு விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போவது. நான் தப்பு விடைகளுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பாடக்குறிப்பை விட அதைத்தான் அதிகம் புரட்டுகிறேன்.

இனி இலக்கணம். செயப்பாட்டுவினைக்கு மாற்றுவதில் எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டு வா, 'வாஸ்' போடு, வினையின் மூன்றாம் வடிவம் போடு, 'பை' போடு, முன்னால் இருந்ததைக் கடைசியில் தள்ளு. ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்வார்கள், இரண்டு மார்க் உறுதி. ஒருநாள் மாற்றி எழுதச் சொல்லாமல், 'தி டாக் வாஸ் பிட்டன் பை தி மேன்' என்று எழுதிப் போட்டு, யார் யாரைக் கடித்தது என்று தமிழில் எழுதச் சொன்னேன். முக்கால்வாசித் தாளில் நாய் மனிதனைக் கடித்திருந்தது. முதல் நாள்தான் செயப்பாட்டுவினையில் எல்லோரும் முழு மார்க் வாங்கியிருந்தார்கள். வாக்கியத்தை மாற்றத் தெரிகிறது, அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. உலக வழக்கப்படி நாய்தானே கடிக்கும் என்று போய்விடுகிறார்கள். ஊகித்துத் தப்பிக்க முடியாதபடி வாக்கியத்தை அமைத்தால்தான் இலக்கணம் உண்மையில் மனதில் ஏறியிருக்கிறதா என்று தெரியும். அயற்கூற்றுக்கும் அப்படித்தான். மாற்றி எழுதச் சொல்வதோடு, "வருவேன்னு சொன்னான், வந்தானா, இல்லையா, தெரியாதா?" என்று கேளுங்கள்.

தப்பைத் திருத்தும் 5 மார்க் கேள்வியும் இந்தப் பாடுதான் படுகிறது. 'சீனியர்' வந்தால் 'தேன்' கிடையாது, 'டு' போடு. 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' வராது. 'ஒன் ஆஃப் தி' வந்தால் பின்னால் பன்மை. கையேட்டில் இருக்கும் ஒரு பட்டியலை உருப்போட்டால் போதும். அதே பிள்ளை தன் சொந்த லெட்டரில் 'மை பிரதர் கோ' என்று எழுதியிருக்கும், யாரும் அதற்குத் தேர்வு வைப்பதில்லை. நான் இப்போது அவர்கள் எழுதிய பத்தியையே ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்து, தப்பு எங்கே என்று தேடச் சொல்கிறேன். எத்தனை தப்பு என்று மட்டும் கீழே எழுதியிருப்பேன், இடத்தைக் காட்டமாட்டேன்.

கோடிட்ட இடம் நிரப்புவது பழைய முறை என்று ஒதுக்காதீர்கள். 1953இல் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு பத்தி எவ்வளவு கடினம் என்று பார்ப்பதற்காக, குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். ஐந்துக்கு ஒரு சொல் என்று எடுப்பது வழக்கம். பின்னால் அது படிப்பவரின் திறமையை அளக்கவும் பயன்பட்டது. 1981இல் ஜெர்மனியில் கிளைன்-பிரேலி, ராட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வேறு மாதிரி மாற்றினார்கள். முதல் வாக்கியத்தை முழுசாக விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு சொல்லில் பின்பாதியை மட்டும் அழித்துவிடுவது. சொல், இலக்கணம், பொருள் மூன்றும் கைகொடுத்தால்தான் நிரப்ப முடியும். காசு செலவில்லாத தேர்வு இது, ஒரு பத்தியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எனக்கு இதில் பிடித்தது, தப்புகள் பேசும் விதம். 'நேற்று விவசாயி நெல்லை ______' என்கிற ஆங்கில வாக்கியத்தில் ஒருத்தி 'கட்டிங்' என்று நிரப்பியிருந்தாள். ஒருவன் 'ஸ்லெப்ட்' என்று எழுதியிருந்தான். இன்னொருவன் 'ஹேப்பி'. மூன்றும் தப்புதான், மார்க் பூஜ்யம்தான். ஆனால் முதலாமவளுக்குப் பொருள் தெரியும், வடிவம் வரவில்லை. இரண்டாமவனுக்கு அங்கே இறந்தகால வினை வர வேண்டும் என்று தெரிகிறது, சொல் தெரியவில்லை. மூன்றாமவன் வாக்கியத்துக்குள்ளேயே நுழையவில்லை. மூன்று பேரையும் மூன்று பெஞ்சில் பிரித்து உட்கார வைத்தேன், மூன்று விதமான வேலை கொடுத்தேன்.

சொல்வளத்துக்கு வருகிறேன். ஒரு பத்தியை யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதில் எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இருவர் 2000இல் ஆராய்ந்தார்கள். நூற்றுக்குச் சுமார் 98 என்று வந்தது. அதாவது ஐம்பது சொல்லில் ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு உரைநடைப் பாடத்தின் முதல் பத்தியைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடச் சொன்னேன். திட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பல தாளில் வரிக்கு இரண்டு மூன்று கோடு. இந்த நிலையில் பாடத்தின் பின்னால் உள்ள சொற்களுக்கு இணைச்சொல் கேட்டு ஒரு மார்க் கொடுப்பது அந்த ஜோடியை உருப்போட்டதற்கான மார்க், அவ்வளவுதான்.

அப்படியானால் எதைச் சோதிப்பது? அடிக்கடி வரும் சொற்களைத்தான். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம், இரண்டாவது ஆயிரம் என்று அடுக்கிய பட்டியல்கள் இருக்கின்றன. பால் நேஷன் 1983இலேயே இந்த அடுக்குகளை வைத்து ஒரு தேர்வு அமைத்தார். பாடத்தில் வரும் அபூர்வமான சொல்லுக்கு இணைச்சொல் தெரிந்த பிள்ளைக்கு, இரண்டாவது ஆயிரத்தில் இருக்கும் சாதாரணச் சொல் தெரியவில்லை என்றால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சொல் தெரியுமா, தெரியாதா என்று வெறுமனே டிக் அடிக்கச் சொல்லும் தேர்வும் உண்டு. இல்லாத சொற்களையும் நடுநடுவே கலந்துவைத்தால், தெரியாததையெல்லாம் தெரியும் என்று டிக் அடிப்பவர் யார் என்று தெரிந்துவிடும். மேரா, பக்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் எழுதிய யோசனை இது. என் வகுப்பில் ஒரு பீரியடுக்குள் முடித்துவிடுகிறேன்.

இதைச் செய்யும்போதுதான் எனக்கு மிகவும் உபயோகமான ஒன்று கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் காதால் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் ஏராளம். ரோட்டவேட்டர், ஸ்ப்ரேயர், சப்சிடி, இன்சூரன்ஸ், லோன், ஷட்டர், ஸ்டோரேஜ், பெர்மிஷன், அப்டேட். வாயால் சொன்னால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். அதே சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி நீட்டினால் 'சப்சிடி'யில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக மாற்றுவதும், கேட்டால் புரிந்துகொள்வதும் பெருகி வருவது என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் எழுதினார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். ஆகவே ஒரு பத்தியை ஒரு குழுவுக்கு நான் படித்துக் காட்டிக் கேள்வி கேட்கிறேன், அதே அளவு கடினமான இன்னொன்றை அவர்களையே படிக்கவைத்துக் கேட்கிறேன். கேட்டால் புரிந்து, படித்தால் புரியாத பிள்ளைக்கு எழுத்து-ஒலிப் பயிற்சி. கேட்டாலும் புரியாத பிள்ளைக்குச் சொல்லும் வாக்கியமும். 38 எடுத்த பையன்களில் பலர் முதல் வகை. அவர்களைத் தூக்கிவிடுவது சீக்கிரம் முடிகிற வேலை.

பத்தி எதைப் பற்றியது என்பதும் முக்கியம். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழாம், எட்டாம் வகுப்பு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கி ஆட்டத்தை அறிந்திருந்த பிள்ளைகள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். இங்கே எப்படி என்று பார்க்க நானே இரண்டு பத்தி எழுதினேன். ஒன்று பனிமலையில் சறுக்கி விளையாடப் போன ஒரு குடும்பத்தைப் பற்றி. இன்னொன்று குறுவை அறுத்து நெல்லை டிராக்டரில் ஏற்றி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்த விவசாயியைப் பற்றி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், வாக்கியங்களும் ஒரே மாதிரி. இரண்டாவதில் அவருக்கு முன்னால் பலர் காத்திருக்கிறார்கள். சாயங்காலம் வானம் கறுக்கிறது. தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். ராத்திரி அவர் தூங்கவில்லை என்று முடித்திருந்தேன். ஏன் தூங்கவில்லை என்பது கேள்வி.

கடைத்தெருவிலிருந்து வரும் ஒரு பையன், வகுப்பிலேயே சரளமாகப் படிப்பவன், "களைப்பா இருந்திருக்கும் டீச்சர்" என்றான். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கத்திலிருந்து வரும் ஒருத்தி, பத்தியைப் படித்து முடிக்கவே அவனைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னது: "மழ வந்தா நெல்லு ஈரமாயிடும். ஈரம் பதினேழுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. திரும்பக் காய வைக்கணும். மறுபடியும் வரிசைல நிக்கணும். அதுக்குள்ள மொளச்சிடும்." பத்தியில் ஈரப்பதம் என்ற சொல்லே கிடையாது. 17 சதவீதம் என்கிற கொள்முதல் விதி அவள் அப்பா வீட்டில் பேசிக் கேட்டது. வரிகளுக்கு நடுவே உள்ளதை எடுத்து, காரணகாரியமாக அடுக்கிச் சொன்னாள். அவளை வாசிப்பில் பின்தங்கியவள் என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் பதிவு பொய். பனிமலைப் பத்தியில் இருவரும் இடம் மாறிவிட்டார்கள்.

இதிலிருந்து பத்தியெல்லாம் நெல்லைப் பற்றியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளைக்குக் கல்லூரியில் அவளுக்குத் தெரியாத உலகத்தைப் பற்றித்தான் ஆங்கிலத்தில் படிக்கப் போகிறாள். இரண்டு வகையும் வைத்தால்தான் குறை எங்கே என்று தெரியும். தெரிந்த விஷயத்திலும் தடுக்கினால் மொழியில் சிக்கல். தெரியாத விஷயத்தில் மட்டும் தடுக்கினால், பத்தியைக் கொடுப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் அந்த உலகத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டும், ஒரு வீடியோ காட்ட வேண்டும். தீர்வுகள் வேறு, செலவும் வேறு.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. டெல்டாவில் நவம்பர், டிசம்பரில் மழை லீவு எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தை, மாசியில் சம்பா அறுவடை, வீட்டில் ஆள் இல்லை என்று பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. அதனால் ஜூனிலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. புத்தகம் கைக்கு வந்து, மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் ஒரு பத்தி படித்திருக்க வேண்டும். ஆளுக்கு நாலு நிமிஷம் போதும். அக்டோபரில் இன்னொரு முறை, அதே நீளத்தில் வேறு பத்தி. நடுவில் தேர்வு என்ற பேச்சே வேண்டாம். இதற்கு மார்க் கிடையாது, யாரோடும் ஒப்பிடமாட்டேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். மார்க் என்றால் உடனே மறைக்கத் தொடங்குவார்கள். பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது அவர்கள் திக்கும் இடம். அதை அவர்களாகக் காட்டினால்தான் உண்டு.

பெற்றோர் கூட்டத்தில் பேசுவதும் இதனால் மாறியிருக்கிறது. முன்னெல்லாம் "எம் புள்ள எப்படி டீச்சர் படிக்கிறான்?" என்று கேட்டால், "சுமாரா படிக்கிறான், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்" என்பதுதான் பெரும்பாலான ஆசிரியர்களின் பதில். அதைக் கேட்டு ஒரு அம்மா வீட்டில் என்னதான் செய்ய முடியும்? போன கூட்டத்தில் நடவு முடித்துவிட்டு நேராக வந்திருந்த ஒரு அம்மாவிடம் தாளை விரித்துக் காட்டினேன்.

"இங்க பாருங்கக்கா. நான் படிச்சா இவனுக்கு எல்லாமே புரியுது. அவனாப் படிச்சா இந்த மாதிரி நீளச் சொல்லுல நின்னுடுறான். வேற கொறையே இல்ல. தெனமும் ராத்திரி பத்து நிமிஷம் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்தா போதும்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே டீச்சர்."

"தெரிய வேணாம். அவன் திக்கினா உங்க காதுக்கே கேக்கும். எந்த எடத்துல திக்குறானோ அந்த எடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு வைங்க. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்த அவன்கிட்டயே குடுத்தனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."